ஸ்டார்போர்டுல ‘ஸ்டார்’ எங்கேர்ந்து வந்துச்சு? கப்பலோட வலது இடது பத்தி விளக்கம் வேணும்

தாழம்பூ:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு கடல் கதைய தமிழ்ல மொழிபெயர்த்துட்டு இருக்கேன், பள்ளிக்கூடப் பசங்களுக்காக. அதுல பக்கத்துக்குப் பக்கம் ஸ்டார்போர்டு, லார்போர்டு, போர்ட்னு வருது. ஸ்டார்போர்டுன்னா வலது பக்கம், போர்ட்னா இடது பக்கம்ங்கற வரைக்கும் அகராதி சொல்லிடுது, ஆனா ஏன் வலதுன்னு நேரா சொல்லாம இப்படி ஒரு சொல்லு, அதுல நட்சத்திரம் எங்க வருது, லார்போர்டு போர்ட் ரெண்டும் ஒண்ணுன்னா ஏன் ரெண்டு பேரு? முன்னாடி ஒரு மொழிபெயர்ப்புல ‘நட்சத்திரப் பலகை’ன்னு போட்டிருந்தத பாத்தேன், படிக்கிற பிள்ளைக்கு அது என்னன்னே புரியாது. நான் அந்தத் தப்ப செய்யக்கூடாதுன்னு கேக்கறேன். கப்பல்ல வேலை பாத்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

ராத்திரிவானம்:
நட்சத்திரம்தாங்க. அந்தக் காலத்துல திசைகாட்டி கிடையாது, வானத்த பாத்துதான் ஓட்டுனாங்க, மாலுமி நட்சத்திரம் பாக்க நிக்கிற பக்கம் ஸ்டார்போர்டு. எங்க வாத்தியார் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாரு.

சொல்வேட்டை:
இல்லைங்க, வானத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பழைய ஆங்கிலத்துல இந்தச் சொல்லு ‘ஸ்டேயோர்போர்ட்’. ‘ஸ்டேயோர்’னா கப்பல திருப்பற துடுப்பு, இன்னைக்கு ஸ்டியரிங்னு சொல்றோமே அதே வேர். இதுல வர்ற ‘போர்ட்’ (board) இடது பக்கத்துக்குச் சொல்ற போர்ட் (port) இல்ல, பலகை, அப்படியே கப்பலோட பக்கச்சுவர். ஆக திருப்புத்துடுப்பு இருக்கற பக்கம், அவ்ளோதான். நட்சத்திரத்துக்கு அவங்க வெச்சிருந்த சொல்லு ‘ஸ்டெயோர்ரா’, அது வேற வேர். காலப்போக்குல ரெண்டும் தேஞ்சு தேஞ்சு ‘ஸ்டார்’னு ஒரே மாதிரி ஆனதால வந்த குழப்பம்தான் இது.

ஏன் அந்தத் துடுப்பு வலது பக்கம்னா, பெரும்பாலான ஆளுங்களுக்கு வலக்கைதான பலம். அப்போ வடக்கு ஐரோப்பாவுல கப்பலுக்குப் பின்னாடி நடுவுல சுக்கான் கெடையாது. பின்பக்கத்துல வலது ஓரமா ஒரு பெரிய அகலமான துடுப்ப பக்கச்சுவரோட சேத்து கட்டியிருப்பாங்க, அதோட தலையில ஒரு கைப்பிடி உள்பக்கமா நீட்டிட்டு இருக்கும், ஒரு ஆளு அத பிடிச்சு திருப்புவாரு. இது ஊகம் இல்ல, மண்ணுக்குள்ளேர்ந்து எடுத்த கப்பல்லயே இருக்கு. நார்வேயில 1880ல தோண்டி எடுத்த கோக்ஸ்டாட் கப்பல், 1904ல தோண்டுன ஓசெபர்க் கப்பல், ரெண்டுமே ஆயிரத்து நூறு வருசத்துக்கு மேல பழசு, ரெண்டுலயும் திருப்புத்துடுப்பு வலது பக்கம்தான்.

ராத்திரிவானம்:
ஓ. அப்போ வாத்தியார் சொன்னது கேட்டு கேட்டு வந்த கதை போல. அந்த ரெண்டு பழைய சொல்லையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தப்பதான் புரியுது. நன்றிங்க.

டெக்ஆபீசர்_தூத்துக்குடி:
வணக்கம்மா. நான் பதினாலு வருசம் சரக்குக் கப்பல்ல டெக் ஆபீசரா இருந்தவன். ஏன் வலது இடதுன்னு சொல்றதில்லன்னு கேட்டீங்க, அதுக்கு பதில் ரொம்ப நேரானது. வலது இடதுங்கறது ஆளுக்கு ஆள் மாறும். நான் பிரிட்ஜ்ல, அதாவது கப்பல ஓட்டற அறையில, முன்னாடி பாத்து நிக்கறேன், நீங்க என்னைப் பாத்து எதிர்ல நிக்கறீங்க, என் வலது உங்களுக்கு இடது. கப்பல்ல ஒருத்தன் கயித்த பாத்து நிப்பான், ஒருத்தன் நங்கூரச் சங்கிலிய எண்ணிட்டு இருப்பான், எல்லாரும் ஒரே பக்கம் பாத்து நிக்கறதில்ல. ஸ்டார்போர்டுங்கறது கப்பலோட உடம்புல இருக்கற பக்கம், நீங்க எப்படி திரும்பி நின்னாலும் அது அங்கேயேதான் இருக்கும். மூக்கு பக்கம் பாத்து நின்னா வலது கைப்பக்கம் ஸ்டார்போர்டு, இடது கைப்பக்கம் போர்ட்.

ராத்திரியில போர்ட் பக்கம் சிவப்பு விளக்கு, ஸ்டார்போர்டு பக்கம் பச்சை விளக்கு. ஒவ்வொண்ணும் நேர் முன்பக்கத்துலேர்ந்து 112.5 டிகிரி வரைக்கும்தான் தெரியற மாதிரி அமைச்சிருப்பாங்க. இதுல ஒரு அழகு இருக்கு. இருட்டுல என் வலது பக்கத்துலேர்ந்து ஒரு கப்பல் குறுக்க வருதுன்னா எனக்குத் தெரியறது அவனோட போர்ட் பக்கம், அதாவது சிவப்பு. சிவப்பு தெரிஞ்சா நான்தான் ஒதுங்கணும். அவனுக்கு என் ஸ்டார்போர்டு பக்கத்துப் பச்சை தெரியும், அவன் தன் வேகத்துலயும் திசையிலயும் அப்படியே போகணும். 1972ல போட்ட மோதல் தடுப்பு விதிகள்ல பதினைஞ்சாவது விதி இது. எதிரும் புதிருமா ரெண்டு எஞ்சின் கப்பல் வந்தா ரெண்டும் ஸ்டார்போர்டு பக்கம் திரும்பணும், அது பதினாலாவது விதி. ஒரு குட்டி ஊதல் ஊதுனா நான் ஸ்டார்போர்டுக்குத் திரும்பறேன், ரெண்டு ஊதுனா போர்ட்டுக்கு. கடல்ல பாதி வாழ்க்கை இந்த ரெண்டு சொல்லுக்குள்ளதான் போகும்.

தாழம்பூ:
சார் ரொம்ப நன்றி, இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்ல. அப்போ லார்போர்டு?

சொல்வேட்டை:
இங்கதான் கதை சுவாரசியமா போகுது. ஒன்பதாம் நூற்றாண்டு கடைசியில ஓத்தெரேன்னு ஒரு நார்வே கடலோடி இங்கிலாந்து அரசர் ஆல்பிரட் கிட்ட தன் பயணத்த சொல்லியிருக்காரு, அது பழைய ஆங்கிலத்துல எழுதி இன்னைக்கும் இருக்கு. வடக்க போறப்போ மூணு நாளு வெறும் நெலம் ஸ்டேயோர்போர்ட் பக்கம், விரிஞ்ச கடல் ‘பேக்போர்ட்’ பக்கம்னு சொல்றாரு. பேக்னா முதுகு. துடுப்ப ரெண்டு கையால பிடிச்சுட்டு வலது ஓரமா திரும்பி நிக்கறவருக்கு இடது பக்கம் முதுகுப் பக்கம்தானே. ஜெர்மன்காரங்களும் டச்சுக்காரங்களும் இன்னைக்கும் பக்போர்ட்னுதான் சொல்றாங்க, பிரெஞ்சுல பாபோர், ஸ்பானிஷ்ல பபோர், எல்லாம் இதே முதுகுப் பக்கம்தான்.

ஆங்கிலத்துல மட்டும் அந்தச் சொல்லு எப்படியோ காணாமப் போயி அந்த எடத்துல ‘லாடபோர்ட்’ வந்துச்சு. லேட்னா (lade) சரக்கு ஏத்தறது. துடுப்பு வலது பக்கம் நீட்டிட்டு இருக்கறப்போ அந்தப் பக்கத்த கரையோட ஒட்டி நிறுத்துனா துடுப்பு நசுங்கிடும், அதனால இடது பக்கத்தைத்தான் கரைக்குக் குடுப்பாங்க, சரக்கும் அந்தப் பக்கம்தான் ஏறும். அப்புறம் ஸ்டார்போர்டுங்கற ஜோடிச் சொல்லோட சத்தத்த பாத்து லாடபோர்டும் லார்போர்டுன்னு மாறிடுச்சு. அங்கதான் வினை. புயல்ல, பாய் படபடன்னு அடிக்கறப்போ ஸ்டார்போர்டுன்னு கத்தறதும் லார்போர்டுன்னு கத்தறதும் காதுல ஒரே மாதிரிதான் விழும். கடைசியா 1844ல பிரிட்டிஷ் கடற்படை லார்போர்டு வேண்டாம், போர்ட்னு சொல்லுங்கன்னு உத்தரவு போட்டுச்சு. அமெரிக்கக் கடற்படை 1846ல. அப்போ அங்க கடற்படைச் செயலரா இருந்தவர் ஜார்ஜ் பான்கிராஃப்ட், வரலாறு எழுதுனவரு. ரெண்டு சொல்லும் சத்தத்துல ஒத்துப்போறதால குழப்பம் வருதுன்னே அந்த உத்தரவுல காரணம் சொல்லியிருப்பாரு. போர்ட்ங்கறது அவங்க அன்னைக்குப் புதுசா கண்டுபிடிச்ச சொல்லு இல்ல, சுக்கான் பிடிக்கிறவருக்குக் குடுக்கற கட்டளையில அதுக்கு ரொம்ப முன்னாடியே இருந்தது. துறைமுகம் இருக்கற பக்கம்ங்கற அர்த்தம்தான்.

ஜன்னலோரம்:
நான் ஒண்ணு கேள்விப்பட்டிருக்கேன். ‘போஷ்’ங்கற சொல்லு, பணக்காரத்தனமானதுன்னு அர்த்தம், அது இங்கிலாந்துலேர்ந்து இந்தியாவுக்கு வந்த வெள்ளக்காரங்க கப்பல்லேர்ந்து வந்ததாம். போறப்போ போர்ட் பக்கம் கேபின், திரும்பி வர்றப்போ ஸ்டார்போர்டு பக்கம் கேபின், ரெண்டு தடவையும் வெயில் படாத வடக்குப் பக்கம், வசதியானவங்க அப்படி டிக்கெட் வாங்குவாங்க, ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்’ங்கற அந்த நாலு ஆங்கிலச் சொல்லோட முதலெழுத்து சேந்துதான் போஷ்.

சொல்வேட்டை:
இந்தக் கதை எனக்கும் ரொம்பப் பிடிக்கும், ஆனா உண்மை இல்ல. அப்படி முத்திரை குத்துன ஒரு டிக்கெட் கூட யாரும் இதுவரைக்கும் காட்டல. பெரிய ஆங்கில அகராதிக்காரங்க ஏத்துக்கல. கேக்க அழகா பொருந்திப் போற விளக்கத்த இன்னும் ரெண்டு மடங்கு சந்தேகப்படணும்ங்கறது என் பழக்கம். தாழம்பூ, புத்தகத்துல அடிக்குறிப்பு போடறதா இருந்தா இத சேக்காதீங்க.

நாகைகாரன்:
அக்கா வணக்கம், நான் நாகப்பட்டினம் பக்கம் மீனவக் குடும்பம், அப்பா இன்னும் ஃபைபர் போட்ல தொழிலுக்குப் போறாங்க. எங்காளுங்க இதெல்லாம் எப்படிச் சொல்றாங்கன்னு சொல்லவா. போட்டுக்கு முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். வலது இடதுக்கு சோத்தாங்கைப் பக்கம் பீச்சாங்கைப் பக்கம்னு சொல்றது உண்டு, ஆனா கடலுக்குள்ள போயிட்டா அதவிட வாடப்பக்கம் சோழப்பக்கம்னுதான் பேசுவாங்க, வடக்கேர்ந்து வர்றது வாடை, தெக்கேர்ந்து வர்றது சோழகம், காத்தோட பேருதான் பக்கத்துக்கும். கெழக்கன்னா ஆழம், மேக்கன்னா கர. வலைய வாடப்பக்கம் போடுன்னா போட்டு எந்தப் பக்கம் மூக்க வெச்சிருந்தாலும் வடக்கதான் போடணும். டெக்ஆபீசர் அண்ணன் சொன்னது கப்பலோட ஒட்டுன பக்கம், எங்களது கரையோட ஒட்டுன பக்கம். எங்க கோடியக்கரைலேர்ந்து மேல வரைக்கும் கரை ஏறக்குறைய நேரா தெக்கு வடக்கா கெடக்கு, அதனால எங்களுக்கு அது போதும்.

டெக்ஆபீசர்_தூத்துக்குடி:
தம்பி அருமை. நீங்க சோத்தாங்கைன்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. வெள்ளக்காரன் காலத்துல அவன் கப்பல்ல நம்ம நாட்டு மாலுமிங்க நெறைய பேரு, லஸ்கர்னு சொல்லுவாங்க. அவங்களுக்குள்ள ஒரு கலவை மொழி, கட்டளையெல்லாம் அதுலதான். அதுல ஸ்டார்போர்டுக்கு ‘ஜம்னா’, லார்போர்டுக்கு ‘டாவா’. ரோபக்னு ஒருத்தர் 1811ல கல்கத்தாவுல அந்த மொழிக்கு ஒரு கப்பல் அகராதியே போட்டிருக்காரு.

சொல்வேட்டை:
சார்! ஜம்னா குஜராத்தி சொல்லு. குஜராத்தில வலதுக்கு ஜமணு, சாப்பிடறதுக்கு ஜமவு. வலக்கைன்னா அவங்களுக்கும் சாப்பிடற கை. நம்ம சோத்தாங்கை மாதிரியே! வடக்குக் கடல்காரன் துடுப்பு பிடிக்கற கைய வெச்சு அந்தப் பக்கத்துக்குப் பேரு வெச்சான், நம்ம கடல்காரன் சோறு திங்கற கைய வெச்சான். இத இத்தன நாளு யோசிக்கவே இல்ல, இன்னைக்கு முழுக்க இதுதான் மனசுல ஓடும்.

பழம்பாடல்:
எனக்கு ஒரு யோசனை. சங்கத் தமிழ்ல தேர் ஓட்டறவருக்கு வலவன்னு பேரு. வலம்னா வலது, வலிமை. ஓட்டறவன் பக்கம், வலப் பக்கம், ரெண்டும் ஒரே சொல்லுல வருது. ஸ்டார்போர்டுக்கு ‘வலவன்புறம்’னு வெச்சா என்ன?

டெக்ஆபீசர்_தூத்துக்குடி:
சொல்லு அழகா இருக்கு, ஆனா கப்பல்ல நின்னவன் காதுக்கு ஒட்டல. கட்டளைன்னா ரெண்டு அசையில முடியணும், எதிர்ச்சொல்லு சத்தத்துல முழுசா வேறயா இருக்கணும். லார்போர்டு செத்ததே அதனாலதான். வலப்புறம், இடப்புறம் கூட காத்துல ‘ப்புறம்’ மட்டும்தான் கேக்கும். இன்னைக்கும் தமிழ்ப் பசங்க, பிலிப்பைன்ஸ் பசங்க, உக்ரைன்காரங்கன்னு கலந்து இருக்கற கப்பல்ல ‘ஸ்டார்போர்டு டென்’னு, அதாவது சுக்கான பத்து டிகிரி ஸ்டார்போர்டு பக்கம் திருப்புன்னு, நான் சொன்னா, சுக்கான் பிடிக்கறவன் அதையே திருப்பிச் சொல்லிட்டுத்தான் திருப்புவான், திருப்பி முடிச்சதும் இன்னொரு தடவ சொல்லுவான். காதுல விழுந்ததுதான் கைக்கு வருதாங்கறத சரிபாக்கற ஏற்பாடு அது.

சொல்வேட்டை:
கடன் வாங்கறது கடலுக்குப் புதுசும் இல்ல. சுக்கான் அரபுச் சொல்லு, நங்கூரம் பாரசீகத்துலேர்ந்து வந்தது. நம்ம கப்பல் மலாய்ல கபல் ஆச்சு, கட்டுமரம் உலகம் முழுக்கப் போச்சு. பிரெஞ்சுக்காரங்க கூட பாருங்க, அவங்க மொழி லத்தீன் வழி, ஆனா ஸ்டார்போர்டுக்கு அவங்க சொல்லு லத்தீன்லேர்ந்து வரல. ரோமானியக் கப்பல்ல பின்பக்கம் ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொரு துடுப்பு, அப்புறம் எந்தப் பக்கத்தத் திருப்புற பக்கம்னு சொல்றது? அதனால வடக்குக்காரங்க கிட்டேர்ந்து வாங்கி திரிபோர்னு வெச்சுக்கிட்டாங்க. ஜாவாவுல போரோபுதூர் கோயில் சிற்பத்துல இருக்கற கப்பல்லயும் ரெண்டு பக்கமும் துடுப்பு.

தாழம்பூ:
எல்லாருக்கும் நன்றி, எவ்வளவு கத்துக்கிட்டேன்னு சொல்ல முடியல. இன்னொரு சந்தேகம், இதுதான் என்னை ரொம்ப நாளா உறுத்துது. கதையில ஒரு எடத்துல முன்னாடி பாறை வருது, கேப்டன் ‘ஹார்ட் எ ஸ்டார்போர்டு’ன்னு கத்தறாரு, உடனே கப்பல் இடது பக்கம் திரும்பி தப்பிச்சுடுது. எழுதுனவரு கைதவறி எழுதிட்டாருன்னு நெனச்சு நான் தமிழ்ல வலது பக்கம் திரும்பிச்சுன்னு மாத்தி வெச்சிருக்கேன். சரிதானே?

டெக்ஆபீசர்_தூத்துக்குடி:
அம்மா மாத்தாதீங்க! கதை எந்த வருசத்துல நடக்குது?

தாழம்பூ:
1790கள்ல, ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல்ல.

டெக்ஆபீசர்_தூத்துக்குடி:
அப்போ எழுதுனவரு சரியாத்தான் எழுதியிருக்காரு. அந்தக் காலக் கட்டளை கப்பலுக்குக் குடுத்தது இல்ல, சுக்கான் கைப்பிடிக்குக் குடுத்தது. சுக்கான் பலகைக்கு மேல ஒரு நீளமான கட்டை முன்பக்கமா நீட்டிட்டு இருக்கும், அந்தக் கட்டைய வலது பக்கம் தள்ளுனா தண்ணிக்குள்ள பலகை இடது பக்கம் போகும், கப்பலோட மூக்கும் இடது பக்கம் போகும். ‘ஹார்ட் எ ஸ்டார்போர்டு’ன்னா ‘கட்டைய ஸ்டார்போர்டு பக்கம் முழுசா தள்ளு’ன்னு அர்த்தம். அப்புறம் சக்கரம் வந்துச்சு, சக்கரத்த நீங்க நெனைக்கற பக்கமே சுத்துனா போதும்ங்கற மாதிரி ஆச்சு, ஆனா கட்டளை மட்டும் பழைய கட்டைக் காலத்துலயே நின்னுடுச்சு.

டைட்டானிக்ல நடந்தது இதேதான். 1912 ஏப்ரல் 14 ராத்திரி 11.40க்கு பனிமலைய பாத்ததும் முதல் அதிகாரி மர்டாக் குடுத்த கட்டளை ஹார்ட் எ ஸ்டார்போர்டு. சுக்கான்ல நின்ன ஹிச்சன்ஸ் அத சரியா செஞ்சாரு, கப்பல் இடது பக்கம் திரும்புச்சு, பனிமலை வலது பக்கத்த உரசிட்டுப் போச்சு. இன்னைக்கு அத படிக்கறவங்க பல பேரு தப்பான பக்கம் கட்டளை குடுத்துட்டாரு, இல்ல ஹிச்சன்ஸ் தப்பா திருப்பிட்டாருன்னு பழி போடறாங்க. ரெண்டு பேருமே அந்தக் காலத்து வழக்கப்படி சரியாத்தான் செஞ்சாங்க. எனக்கு இது ரொம்ப வருத்தமான விசயம், மர்டாக் அந்த ராத்திரியே செத்துட்டாரு, பதில் சொல்ல ஆளு இல்ல. 1929ல லண்டன்ல நடந்த கடல் பாதுகாப்பு மாநாட்டுலதான் கட்டளை எந்தப் பக்கமோ கப்பலும் அந்தப் பக்கம்னு முடிவாச்சு, பிரிட்டிஷ் கப்பல்கள்ல 1933லேர்ந்து அப்படி.

சொல்வேட்டை:
இன்னொண்ணும் கவனிங்க தாழம்பூ. 1790ன்னா கப்பலோட இடது பக்கத்துக்குப் பேரு லார்போர்டு, ஆனா சுக்கான் கட்டளையில மட்டும் போர்ட். புத்தகத்துல ஒரே தாள்ல ரெண்டு சொல்லும் வந்தா அது எழுத்தாளரோட தடுமாற்றம் இல்ல, அந்தக் காலத்து வழக்கம்.

றெக்கை:
விமானத்துலயும் இதே விளக்குதான். இடது றெக்கை நுனியில சிவப்பு, வலது நுனியில பச்சை. பயணிகள ஏத்தறதும் பெரும்பாலும் இடது பக்கக் கதவு வழியா. அடுத்த தடவ ராத்திரி வானத்துல பாருங்க, எந்தப் பக்கம் போகுதுன்னு விளக்க வெச்சே சொல்லிடலாம்.

டெக்ஆபீசர்_தூத்துக்குடி:
ஆமா. அதே மாதிரி துறைமுகத்துக்குள்ள நுழையறப்போ நம்ம ஊர்ல, ஐரோப்பாவுல எல்லாம் வழி காட்டற சிவப்பு மிதவை போர்ட் பக்கம் வரும், ஆனா அமெரிக்கா, ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் போனா சிவப்பு மிதவை ஸ்டார்போர்டு பக்கம். 1980ல மிதவைக்கு ஒரே முறை கொண்டு வர கூடுனப்ப இது மட்டும் ஒத்து வராம உலகத்த ரெண்டு பகுதியா பிரிச்சுட்டாங்க. முதல் தடவ ஜப்பான்ல நுழையறப்போ எனக்கு உள்ளங்கை வேர்த்துடுச்சு, படத்துல படிச்சது வேற, கண்ணு முன்னாடி சிவப்பு வலது பக்கம் நிக்கறது வேற.

தாழம்பூ:
நல்லவேளை கேட்டேன். இப்போ நான் செஞ்சிருக்கறது இது, பாத்து சொல்லுங்க. கதை சொல்ற எடத்துல எல்லாம் கப்பலோட வலப்பக்கம், இடப்பக்கம்னே வெச்சுட்டேன். ஆளுங்க வாயால கத்தற எடத்துல மட்டும் ஸ்டார்போர்டு, லார்போர்டு, போர்ட் அப்படியே. பாறை வர்ற எடம் இப்படி:

“ ‘ஹார்ட் எ ஸ்டார்போர்டு!’ கேப்டனின் குரல் காற்றைக் கிழித்தது. சுக்கான் கட்டையை நான்கு பேர் வலப்பக்கம் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். கப்பலின் மூக்கு மெல்ல மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது.”

அந்த நடு வாக்கியம் மூலத்துல இல்ல, பிள்ளைங்களுக்குப் புரியணும்னு நான் சேத்தது. புத்தகத்துல அத அடிக்குறிப்பா சொல்லிடறேன்.

டெக்ஆபீசர்_தூத்துக்குடி:
நல்லா இருக்கும்மா. ஒரே ஒரு திருத்தம். பிரிட்டிஷ் போர்க்கப்பல்னா 1790ல சக்கரம் வந்தாச்சு, கட்டை கீழ்த்தளத்துல கயித்தோட இருக்கும். ‘சக்கரத்தைச் சுழற்றினார்கள், கீழ்த்தளத்தில் சுக்கான் கட்டை வலப்பக்கம் நகர்ந்தது’ன்னு வெச்சா சரியா வரும்.

தாழம்பூ:
மாத்திட்டேன் சார்.

நாகைகாரன்:
அக்கா, நேத்து ராத்திரி அப்பாகிட்ட இந்த டைட்டானிக் விசயத்த சொன்னேன், கட்டளை வலது, கப்பல் திரும்புனது இடது, நெறைய பேரு குழம்பிட்டாங்களாம்பான்னு. அவங்க வலைய சிக்கெடுத்துட்டே சொன்னாங்க, “இதுல கொழம்ப என்னடா இருக்கு, நம்ம எஞ்சின் கைப்பிடிய அந்தாண்ட தள்ளுனா போட்டு இந்தாண்டதான போவும்.”